தட்டைப் பிரிக்காதீர்கள், சன்னலைத் திறங்கள்

(செவிலியர், மருந்தியல் மாணவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் காசநோய் மருந்துகள் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காசநோய் மருந்துகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நான் மருந்தியல் சொல்லிக்கொடுப்பவன். தேர்வுக்குத் தேவையானதைக் கட்டாயம் சொல்லிவிடுவேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. உங்கள் தெருவில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அந்த வீட்டில் முதலில் என்ன மாறுகிறது?

தட்டு மாறுகிறது. தம்ளர் மாறுகிறது. அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய். அவர் கழுவியதை மற்றவர் தொடுவதில்லை. சில வீடுகளில் குழந்தையைத் தூக்க விடுவதில்லை. மருமகளாக இருந்தால் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

இப்போது நோயியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். காசநோய்க் கிருமி காற்றில் பரவுகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. அந்தக் காற்றைச் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது. தட்டில் பரவாது. தம்ளரில் பரவாது. துணியில் பரவாது. தொட்டால் பரவாது. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் தன்மையும் வேகமாகக் குறைந்துவிடுகிறது.

ஆக, பரவாத தட்டைப் பிரிக்கிறோம். பரவுகிற காற்றுக்கான சன்னலைத் திறப்பதில்லை. ஏன்? ஒருவரை நோய் தொட்டுவிட்டது என்றவுடன் தட்டையும் தம்ளரையும் பிரிக்க வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எந்த மருத்துவரும் சொல்லவில்லை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்த சமூகம் சொல்லிக்கொடுத்தது. கிருமி என்றால் என்னவென்று தெரிவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீட்டு என்றால் என்னவென்று இங்கே தெரியும். அதனால் கிருமியைப் பற்றிச் சொன்னாலும் நம் காதில் தீட்டு என்றுதான் விழுகிறது.

செவிலியராகவும் மருந்தாளுநராகவும் போகிற உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்: காசநோய்க்கு மருந்து இருக்கிறது, அது வேலை செய்கிறது. மருந்துக்குச் சாதி தெரியாது. ஆனால் அந்த மருந்து ஆறு மாதம் ஒருவருடைய வயிற்றுக்குள் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிக்கிற பலவற்றுக்கும் சாதி நன்றாகவே தெரியும். அந்த இடத்தில்தான் நீங்கள் நிற்கப் போகிறீர்கள்.

சரி, மருந்துக்கு வருவோம்.

மருந்து எதிர்ப்பு இல்லாத காசநோய்க்கு நான்கு மருந்துகள்: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பியூட்டால். முதல் இரண்டு மாதம் நான்கும். அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு தவிர மற்ற மூன்றும். நான்கையும் ஒரே மாத்திரையில் சேர்த்து, நாள்தோறும், எடைக்கேற்பக் கொடுக்கிறோம். 35 முதல் 49 கிலோ வரை உள்ளவருக்கு மூன்று மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை நான்கு.

ஏன் நான்கு? ஒன்று போதாதா? இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நுரையீரலில் குழி விழுந்த ஒரு நோயாளியிடம் சுமார் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவற்றில் ஏறத்தாழ பத்து இலட்சத்துக்கு ஒன்று, மருந்தையே பார்க்காமல், தற்செயலான மரபணு மாற்றத்தால் ஐசோனியாசிட்டுக்கு அடங்காததாக இருக்கும். அப்படியென்றால் அந்தக் குழிக்குள் நூறு கிருமிகள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. ஐசோனியாசிட்டை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும். அந்த நூறும் பெருகும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒருசேர அடங்காதது கோடி கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமிகள் ஒரு உடலில் இருக்க வழியில்லை. கூட்டு மருந்தின் தத்துவம் இவ்வளவுதான்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வேலை உண்டு. ஐசோனியாசிட் கிருமியின் மெழுகுச் சுவருக்கான மைக்கோலிக் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது. வேகமாகப் பெருகும் கிருமிகளை முதல் சில நாட்களிலேயே கொன்று குவிக்கிறது. ரிஃபாம்பிசின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸைப் பிடித்து நிறுத்துகிறது. அரைத்தூக்கத்தில் இருந்து அவ்வப்போது விழிக்கும் கிருமிகளையும் விடுவதில்லை. பைரசினமைடு அமிலச் சூழலில் ஒளிந்திருப்பவற்றைத் தாக்குகிறது. எத்தம்பியூட்டால் சுவரின் இன்னொரு பகுதியைக் கெடுக்கிறது. மற்ற மருந்துகளுக்கு எதிர்ப்பு உருவாகாமல் காவல் நிற்கிறது.

இரண்டாவது மாதத்திலேயே நோயாளிக்கு இருமல் நின்றுவிடும், காய்ச்சல் போய்விடும். வேலைக்குப் போகத் தெம்பு வந்துவிடும். ஆனால் தூங்கும் கிருமிகள் மிச்சம் இருக்கும். மீதி நான்கு மாதம் அவற்றுக்காக. உடம்பு சரியான பிறகும் நான்கு மாதம் மாத்திரை விழுங்கச் சொல்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். கூலிக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கேட்பது சின்ன விசயம் இல்லை. அதனால் காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். மேலே சொன்ன கணக்கு எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அவருக்குப் புரியாது என்று நாமே முடிவு செய்துகொள்வதுதான் சிக்கல்.

பக்கவிளைவுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவற்றை முதல் நாள் பேச்சாக மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள்.

ரிஃபாம்பிசின் சிறுநீரையும் கண்ணீரையும் வியர்வையையும் செம்மஞ்சளாக்கும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், நோயாளி இரத்தம் போகிறது என்று பயந்து இரண்டாம் நாளே மருந்தை நிறுத்துவார். பிறகு அவரைப் 'பொறுப்பில்லாதவர்' என்று எழுதிவைப்போம். இன்னொன்று: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. பசி அறவே போவது, வாந்தி, வயிற்று வலி, கண் மஞ்சளாவது ஆகியவை எச்சரிக்கை. ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரிடம் சிறுநீர் நிறத்தை மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள், கண்ணைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஐசோனியாசிட்டால் உள்ளங்கால் எரிச்சலும் மரமரப்பும் வரும். பைரிடாக்சின், அதாவது பி6 வைட்டமின், சிறு அளவில் கொடுத்தால் தடுக்கலாம். சத்துக்குறைவு உள்ளவர், கருவுற்றவர், நீரிழிவு உள்ளவர், குடிப்பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு இது அதிகம் வரும். எத்தம்பியூட்டால் பார்வை நரம்பைத் தொடும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று மாதாமாதம் கேளுங்கள். பைரசினமைடு மூட்டு வலி தரும்.

பெண்களிடம் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுவதால் கருத்தடை மாத்திரையின் வேலை குறைந்துவிடும். காப்பர்-டி போன்ற ஹார்மோன் அல்லாத வழியைப் பேச வேண்டும். அதை மாமியாரையும் கணவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பேசாதீர்கள். அவரைத் தனியே உட்கார வைத்துப் பேசுங்கள்.

குடிப்பவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாக்கடைக்குள் இறங்கி வேலை செய்கிறவர் குடித்துவிட்டு வந்தால், 'குடிகாரனுக்கு மருந்து எதற்கு' என்று கேட்கிற வார்டுகள் இருக்கின்றன. குடியும் மருந்தும் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆபத்து என்பது உண்மை. அந்த உண்மை கூடுதல் கவனிப்புக்கான காரணம். விரட்டுவதற்கான காரணம் அல்ல. எந்த வேலைக்காக அவர் குடிக்க வேண்டியிருக்கிறது, அந்த வேலையை அவர் சாதியிடம் கட்டிவைத்தவர்கள் யார் என்பதை நாம் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

இந்த மருந்துகள் எப்படி வந்தன என்ற வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம். பாடநூலில் அது பெரும்பாலும் சில ஆண்களின் பெயர்ப் பட்டியலாக இருக்கும். காசநோயை வென்ற முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். 1952இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. வழக்குப் போட்டுத்தான் ஷாட்ஸ் இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற தகுதியைப் பெற்றார்.

ஐசோனியாசிட்டின் கதை செவிலியர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்ற காசநோய் மருத்துவமனை இருந்தது. 1920களின் இறுதியில் தொற்றுக்குப் பயந்து வெள்ளைச் செவிலியர்கள் வேலையை விட்டுப் போனார்கள். அந்த இடத்தை நிரப்ப, நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினப் பெண்களை அழைத்தார்கள். மற்ற பெரும்பாலான மருத்துவமனைகளின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. சாவு நிச்சயம் என்று கருதப்பட்ட வார்டின் கதவு மட்டும் திறந்தது. அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கே பணி செய்தார்கள். 1951-52இல் ஐசோனியாசிட்டை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முக்கியமான சோதனைகளில் ஒன்று அந்த மருத்துவமனையில் நடந்தது. மருந்து கொடுத்ததும், காய்ச்சலைக் குறித்ததும், எடை ஏறுவதைப் பதிந்ததும் அந்தச் செவிலியர்கள். பல பத்தாண்டுகள் அவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆபத்தான வேலை ஒடுக்கப்பட்டவருக்கு, பெயர் மற்றவருக்கு. நமக்குத் தெரிந்த கதைதான்.

மூன்றாவது அத்தியாயம் நம் ஊரில் நடந்தது. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தைக் கடக்கும்போது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? காசநோயாளிகளை ஊரிலிருந்து தள்ளி, நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு என்று மாதக்கணக்கில் வைத்திருந்த இடங்கள்தான் சானடோரியங்கள். நோயாளிகள் இலட்சக்கணக்கில், படுக்கைகள் சில ஆயிரம். இடம் கிடைக்காத ஏழைக்கு என்ன வழி?

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த சென்னை ஏழைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயே மருந்து. ஓராண்டு, ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ். என்ற மருந்தும். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் மோசமாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள், நெரிசலில் படுத்தார்கள். ஆனாலும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமானார்கள். வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியாவதற்கு வழிகாட்டிய ஆய்வு அது. சென்னையின் ஏழை மக்கள் தங்கள் உடலால் உலகத்துக்கு எழுதிக்கொடுத்த பாடம்: ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கத் தேவையில்லை, மருந்து கொடு, வீட்டிலேயே குணமாவார்கள். சேரியை ஊருக்கு வெளியே வைத்த ஒரு நாட்டில் இந்த முடிவு வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் சோறு முக்கியம் இல்லையா? சிலர் இந்த ஆய்வை அப்படித்தான் படித்தார்கள். அது தவறான படிப்பு. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் ஏழையின் வீட்டிலும் கிருமி சாகுமா என்பதுதான் சென்னை ஆய்வின் கேள்வி. யாருக்கு நோய் வருகிறது, யார் முதல் இரண்டு மாதங்களில் சாகிறார் என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கான விடை 2023இல் ஜார்க்கண்டிலிருந்து வந்தது.

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரையும் கொண்டு நடந்த ஆய்வு அது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா உள்ளிட்ட மருத்துவர்கள் நடத்தினார்கள். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். குடும்பத்தினரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு ஏறியவர்களிடம் சாவு 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

அரிசியும் பருப்பும் தடுப்பூசி போல வேலை செய்திருக்கின்றன. இந்தியாவில் காசநோய்க்குப் பெரிய காரணி சத்துக்குறைவு. நிலம் இல்லாதவர்கள், அன்றாடங்காய்ச்சிகள், தலித்துகள், பழங்குடிகள் ஆகியோரின் உடலில்தான் அந்தச் சத்துக்குறைவு அதிகம். அரசு காசநோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய். அதுவும் வங்கிக் கணக்கு சரியாக இருந்தால். 'பணம் வந்ததா?' என்று கேட்பதும் மருந்து கொடுப்பதன் பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு இதில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்திருக்கிறது. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. நோய் உறுதியானவுடன் சுகாதாரப் பணியாளரே சிலவற்றைச் சோதிக்கிறார். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழா? 16 வரை இருந்து இரு கால்களும் வீங்கியிருக்கின்றனவா? மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேலா? ஆக்சிஜன் 94க்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா? ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரை. எடை பார்க்கும் இயந்திரம், உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு கடிகாரம் இவ்வளவு போதும். செவிலியரின் கை உயிர் காப்பாற்றுகிற இடம் இது. எடையை ஒருமுறை பார்த்து விட்டுவிடாதீர்கள். எடை ஏறி அடுத்த பிரிவுக்குப் போனால் மாத்திரையின் எண்ணிக்கையையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்து, சொற்களைப் பற்றி. ஆங்கிலப் பதிவேடுகளில் நெடுங்காலம் இருமலோடு வருகிறவர் 'சஸ்பெக்ட்', மருந்தை விட்டவர் 'டிஃபால்ட்டர்'. ஒன்று காவல் நிலையத்துச் சொல், மற்றொன்று கடன்காரனைச் சொல்கிற சொல். ஒரு சாதியில் பிறந்ததற்காகவே மக்களைக் குற்றப் பரம்பரை என்று பதிவேட்டில் ஏற்றிய நாட்டில் இந்தச் சொற்கள் வெறும் சொற்கள் அல்ல. 2013இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றைக் கைவிட்டது. மருந்தை விட்டவரை இப்போது 'தொடர்பு விடுபட்டவர்' என்றுதான் எழுத வேண்டும். தொடர்பு என்றால் இரண்டு முனை உண்டு. எந்த முனை விட்டது என்று கேட்கலாம்.

2024 மார்ச்சில் ஒன்றிய அரசு, மருந்து வரத் தாமதமாகும், உள்ளூரிலேயே வாங்கிச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மருந்து வாங்க வந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் இருந்தார்கள். அப்போது மருந்தை விட்டது யார்? அரசை எந்தப் பதிவேட்டில் 'டிஃபால்ட்டர்' என்று எழுதினோம்?

மருந்து எதிர்ப்புக் காசநோய் என்றாலே 'ஒழுங்காகச் சாப்பிடவில்லை' என்று சொல்லிவிடுகிறோம். ஐசோனியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத கிருமியையே காற்றின் வழி நேரடியாகப் பெற்றவர்கள் ஏராளம். ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடாதவர்களையும் குற்றவாளி ஆக்குகிறோம்.

அவர்களுக்கு முன்பெல்லாம் இரண்டு ஆண்டுச் சிகிச்சை, மாதக்கணக்கில் ஊசி. அந்த ஊசி பலருடைய கேட்கும் திறனைப் பறித்தது. இன்று பெடாக்குவிலின், பிரெட்டோமானிட், லைனசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நான்கும் வாய்வழியே, ஆறு மாதம். இதுவும் தானாக வந்துவிடவில்லை. பெடாக்குவிலினின் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் முயன்றபோது, இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள்: இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவருமே பழைய மருந்துகளால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அவர்கள் வென்றார்கள். 'நோயாளிக்கு என்ன தெரியும்?' என்று யாராவது உங்களிடம் கேட்டால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

முடிக்கிறேன். நாளை நீங்கள் பணியில் சேர்ந்த பிறகு ஒரு நோயாளி உங்கள் முன் உட்காருவார். எடையைப் பாருங்கள், மாத்திரையை எண்ணிக் கொடுங்கள், சிறுநீரின் நிறத்தை முதல் நாளே சொல்லுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். மருந்து வாங்க எந்த நேரம் வந்தால் கூலி போகாது என்று கேளுங்கள். அவர் வயதில் மூத்தவராக இருந்தால் 'வா, போ' என்று பேசாதீர்கள். இளையவராக இருந்தாலும் பேசாதீர்கள். அவரோடு வந்தவரிடம், தட்டைப் பிரிக்க வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடிக்கொண்டால் போதும் என்று சொல்லுங்கள்.

அவர் வீட்டில் திறப்பதற்குச் சன்னலே இல்லை என்று சொல்வாரானால், அதை எழுதிக்கொள்ளுங்கள். அது மருந்துச் சீட்டில் தீராது. அதற்கு வெளியில் போராட வேண்டும். அந்தப் போராட்டத்துக்கும் நீங்கள் வர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.

ஜெய்பீம்.